ரோஸ் சீட்டுல ரெண்டு முத்திரை

"ஒரே ஒரு ஓட்டு அப்பத்தா! ஒரே ஒரு ஓட்டுல ஒருத்தர் கவர்னர் ஆயிட்டாரு!"

போன்ல எம் பேத்தி கௌரி சிரிக்கிறா. அவ இருக்குறது அமெரிக்காவுல. அங்கன அவளுக்குக் காப்பி குடிக்கிற நேரம், இங்கன அல்லிநகரத்துல எனக்குப் பொழுது சாயுற நேரம். போனைச் செம்புல சாய்ச்சு வச்சுக்கிட்டு மொச்சைக்காய் உரிச்சுக்கிட்டு இருக்கேன்.

கௌரி அங்கன படிக்கிறது பழைய காகிதம் படிக்கிற படிப்பு. நெசமாத்தான். நூத்தம்பது வருசத்துக்கும் முந்தி அந்த ஊருக்காரவுக எழுதி வச்ச கடுதாசி, பத்திரிகை எல்லாத்தையும் ஒக்காந்து படிப்பாளாம். "நான் ஒரு காகிதமும் படிக்காமயே பேரன் பேத்தி பாத்துட்டேன். நீ இம்புட்டு படிச்சும் ஒரு மாப்பிள்ளையப் பாக்கலையேடி"ம்பேன். உடனே போனைக் கவுத்திருவா. திரையில வெறும் இருட்டுத்தான் தெரியும். நான் அதோடயே பேசிக்கிட்டு இருப்பேன்.

அன்னைக்கி அவ கவுக்கல. ஒரு எலெக்சன் கதை சொன்னா.

"கவர்னருக்கு எதுக்குடி ஓட்டு? டெல்லியில இருந்துல்ல ஆளு அனுப்புவாக?"ன்னேன்.

"இங்கன கவர்னர்னா நம்ம முதலமைச்சர் மாதிரி அப்பத்தா. சனங்கதான் ஓட்டுப் போட்டு வைப்பாக. அந்தக் காலத்துல சர்க்கார் சீட்டுக் கூடக் கெடையாது. கட்சிக்காரவுகளே சீட்டு அடிச்சுக் கையில குடுப்பாக. ஆளுக்கொரு கலரு. நீ எந்தக் கலரைக் கொண்டுபோய்ப் பெட்டியில போடுறனு ஊரே பாக்கும்."

"பொம்பளைக எந்தக் கலரு?"

"பொம்பளைக்கு ஓட்டே இல்ல அப்பத்தா."

"அப்ப நிம்மதியா இருந்திருப்பாக"ன்னேன். அவ சிரிச்சா. நான் சிரிக்கிறதுக்குச் சொல்லல.

பெறகு சொன்னா. ஒரு மாநிலத்துல ரெண்டு பேரு நின்னாகளாம். பாதிக்கு மேல வாங்குனாத்தான் ஜெயிச்ச கணக்காம். ஒருத்தருக்குப் பாதிக்கு மேல சரியா ஒரே ஒரு ஓட்டு வந்துச்சாம். அந்த ஓட்டு செல்லும், இந்த ஓட்டு செல்லாதுன்னு ஒரே ரகளையாம். கடைசியில அவருதான் கவர்னராம்.

"அந்த ஒரு ஓட்டப் போட்டவன் யாருனே தெரியாது அப்பத்தா. அந்த ஆளுக்கே தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்கும்டி"ன்னேன்.

"என்ன அப்பத்தா?"

"ஒண்ணுமில்ல. மொச்சையில புழு."

நடுவுல கொஞ்சம் சந்தோசம்

புதுசாப் படிக்கிறவுகளுக்காகச் சொல்லிர்றேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் போன்ல பேசிப் பதிஞ்சு அனுப்பிச்சிருவேன், பத்திரிகைக்காரவுக அத எழுதிக்கிறாக. வெள்ளிக்கெழம புஸ்தகம் கடைக்கு வந்துட்டா மருமக வாங்கியாந்து எனக்கே வாசிச்சுக் காட்டுவா. நான் சொன்னத நானே கேட்டுட்டு, "யாருடி இவ, இம்புட்டு வாய்க்காரி"ம்பேன்.

போன வாரம் பன்னீர் திராட்சை வெட்டுக்குப் போன கதையச் சொன்னேன்ல? சின்னமனூர்ல இருந்து ஒரு அம்மா போன் பண்ணி, "ஆத்தா, நீங்க சொன்ன தோட்டத்துல நானும் வெட்டியிருக்கேன்"னு ஒரே அழுக, ஒரே சிரிப்பு. எனக்கு ரெண்டு நாளு காலு தரையில பாவல. எழுபது வயசுக்கு மேல எனக்கு இப்புடி ஒரு கொண்டாட்டம் வரும்னு யாரு கண்டா?

அதனாலதான் இந்த வாரத்துக் கதையச் சொல்ல வாய் வரமாட்டேங்குது. சிரிக்க வைக்கிறவளா என்னைய நெனச்சிருக்கீக. இதக் கேட்டுட்டு என்ன நெனப்பீகளோ.

பத்து மணித் தண்ணி

எங்க ஊரு கம்பத்துக்குப் பக்கம். ஊருப் பேரு வேணாம். ஊருக்காரவுகளுக்குத் தெரியும், அது போதும். என்னையும் எந் தங்கச்சி மாரியவும் அந்த ஒரே ஊருலதான் குடுத்தாக. நான் மேலத்தெரு, அவ கீழத்தெரு.

மாரிக்கு ஏலத்தோட்ட வேலை. விடியுமுன்ன ஜீப்பு வந்துரும். ஒரு ஜீப்புல எத்தன பேரு ஏறுவாகன்னு கேட்காதீக, ஏறுனவுகளுக்கே தெரியாது. கம்பம் மெட்டு ஏறி, மலையாளத்துப் பக்கம் போயி, ஏலக்காய் எடுத்துட்டு, பொழுது சாய எறங்குவாக. கீழத்தெருவுல முக்காவாசிப் பொம்பளைக அந்த ஜீப்புதான்.

எங்க ஊருல தண்ணி தொறந்து விடுறது பகல் பத்து மணிக்கு. பத்து மணிக்குக் கீழத்தெருவுல யாரு இருப்பா? கெழடுக இருக்கும், கோழி இருக்கும். கொழாயில தண்ணி அது பாட்டுக்கு ஓடி நிக்கும். சாயங்காலம் வந்து, மேலத்தெருவுக்குக் கொடத்தோட வருவாக கடன் தண்ணி கேட்டு. எங்க வீட்டு வாசல்லயே எத்தனையோ பேருக்குக் குடுத்திருக்கேன். குடுக்கையில சிரிச்சுக்கிட்டுத்தான் குடுப்பேன். வாங்குறவுக சிரிக்க மாட்டாக.

ரெண்டு பஞ்சாயத்து எலெக்சனுக்கு முந்தி, தலைவர் பதவி பொம்பளைகளுக்குன்னு வந்துச்சு. அன்னைக்கி ஜீப்புக்குள்ளயே முடிவு பண்ணிட்டாக, மாரிதான் நிக்கணும்னு.

மாரி சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "ரோடு போடுறேன், லைட்டு போடுறேங்க மாட்டேன். தண்ணியக் காலையில அஞ்சு மணிக்குத் தொறக்கச் சொல்லுவேன். அம்புட்டுதான்."

எதுக்க நின்னவ யாருன்னு நெனைக்கிறீக? ராசாத்தி. எங்க வீட்டுக்காரரோட ஒடப்பெறந்தவ, எனக்கு நாத்துனா. உள்ளூருலயே வாக்கப்பட்டு, திராட்சைத் தோட்டத்தோட இருந்தவ. கெட்டவ இல்ல. எங்க வீட்டுக்கு வந்து, வெத்தலபாக்கு வச்சு, "மதினி, ஒன் தங்கச்சி நிக்கிறா, தெரியும். இருந்தாலும் ஒங்கிட்டக் கேக்காமப் போனா நாளைக்கு மொகத்துல முழிக்க முடியாதுல்ல"ன்னா. நான் அவளுக்குக் கேப்பக்களியும் கருவாட்டுக் கொழம்பும் போட்டேன். நல்லாச் சாப்புட்டுட்டுப் போனா.

மாரிக்குச் சீப்புச் சின்னம். ராசாத்திக்குப் பூட்டு சாவி. கீழத்தெருப் பொம்பளைகளுக்கு ஒரே கும்மாளம். "வழுக்கத்தலைக்காரவுக எல்லாம் பூட்டுக்குப் போட்டுக்கங்கப்பா, முடி இருக்குறவுக சீப்புக்குப் போடுங்க"ன்னு கத்திக்கிட்டே போவாக. எங்க வீட்டுக்காரரு தலையத் தடவிக்கிட்டு உள்ள போயிருவாரு.

சந்தனக் கிண்ணத்துக் கை

இத நீங்க புரிஞ்சுக்கிட்டாத்தான் மத்தது புரியும்.

எங்க சாதிசனத்துல எந்த வீட்டுல விசேசம்னாலும் வாசல்ல சந்தனம், குங்குமம் குடுக்க என்னையத்தான் நிப்பாட்டுவாக. சிரிச்ச மொகம்பாக. வர்றவுகள்ல ஒருத்தர விட்டுறக் கூடாது. எங்க பக்கம் அதுல எத்தன குடும்பம் பிரிஞ்சிருக்கு தெரியுமா? "எனக்கு முன்னால நின்னவளுக்கு வச்சா, எனக்கு வைக்கல"ன்னு பந்தியில ஒக்காராமப் போனவுக உண்டு. ஒரு தடவ எங்க சின்ன மாமியா அப்புடித்தான் வாசலோட திரும்பிப் போயி, மூணு வருசம் பேசல.

அதனால எங் கைக்கு ஒரு பழக்கம். ஒருத்திக்கு வச்சா, பக்கத்துல நிக்கிறவளுக்கும் வச்சிரும். சண்டக்காரியா இருந்தாலும் பட்டும் படாம ஒரு பொட்டு. நான் நெனைக்கவே வேணாம், கை அதுவாப் போகும்.

அட்டை மறைப்புக்குள்ள

ஓட்டுப் போடுற அன்னைக்கி நானும், மாரியோட ஓரகத்தி பாண்டியம்மாவும் ஒண்ணாத்தான் போனோம். பாண்டியம்மா மாரியோட மூத்தாரு பொஞ்சாதி. ரெண்டு பேரு வீட்டுக்கும் ஒரே செவரு. மாரி ஜீப்புக்குப் போனா அவ புள்ளைகளுக்குச் சோறு போட்டவ பாண்டியம்மாதான். கேலிக்காரி. எழவு வீட்டுலயும் ஒரு வார்த்தையில சிரிக்க வச்சிருவா.

பள்ளிக்கூடத்துல நாலு சீட்டு குடுத்தாக. வெள்ளை ஒண்ணு, பச்சை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு. தலைவருக்கு ரோஸ். "ஒரு சீட்டுல ஒரு ஆளுக்குத்தாம்மா ஓட்டு"ன்னு அந்த ஆபீசர் தம்பி சொல்லத்தான் செஞ்சாரு. நானும் தலைய ஆட்டத்தான் செஞ்சேன்.

அட்டை மறைப்புக்குள்ள போனேன். மைப்பெட்டி, முத்திரைக் கட்டை. ரோஸ் சீட்டுல சீப்பத் தேடி, நட்டநடுவுல வச்சு அழுத்துனேன். பளிச்சுனு விழுந்துச்சு. எந் தங்கச்சிக்கு நான் போட்ட ஓட்டு. கைய எடுக்குறேன், அதுக்குக் கீழயே பூட்டு சாவி என்னையப் பாத்துக்கிட்டு இருக்கு.

முந்தாநாளு எங்க வீட்டுல களி தின்னுட்டுப் போனவ. எங்க வீட்டுக்காரரு கூடப் பெறந்தவ. எதுக்க நிக்கிறவள விட்டுட்டுப் போற கையா இது?

ஒரு ஓரமா, லேசா, ஒண்ணு வச்சேன்.

ஓட்டு இல்ல. மரியாதைக்கு. ஓட்டு மாரிக்கு, மரியாதை ராசாத்திக்கு. அது செல்லாமப் போகும்னு எனக்குத் தோணவே இல்ல. அதுக்கு முந்தி எத்தனையோ ஓட்டுப் போட்டிருக்கேன், ஒரு தடவையும் எங் கை இப்புடிப் போனதில்ல. அப்பல்லாம் சீட்டுல இருந்தவுக யாரும் எங்க வீட்டுல வந்து சாப்புட்டவுக இல்லையே.

வெளிய வந்தோம். மரத்தடியில ரெண்டு பக்கத்து ஆளுகளும் நிக்கிறாக. "யாருக்கு அத்தே, யாருக்கு?"ன்னு பாண்டியம்மாவ மறிச்சுக்கிட்டாக. அவ சேலையத் தட்டிவிட்டுட்டு, சத்தமாச் சொன்னா:

"ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு குத்துக் குத்திட்டேன்யா! யாரும் கோவிச்சுக்கக் கூடாதுல்ல?"

எல்லாரும் சிரிச்சாக. மாரியும் சிரிச்சா. நானும் சிரிச்சேன். அவ கேலிக்குச் சொன்னா. நான் செஞ்சுட்டுச் சிரிக்கிறேன்.

வெத்தல வாயில இருந்துச்சு

எண்ணுற அன்னைக்கி மாரியோட வீட்டுக்காரரு உள்ள ஏஜெண்டா ஒக்காந்திருந்தாரு. நாங்க எல்லாரும் மாரி வாசல்ல கூடியிருந்தோம். சாயங்காலம் அவரு ஊருக்குள்ள வந்து எறங்குன மொகத்தப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு.

"ஒரே ஒரு ஓட்டு"ன்னாரு. "ஒரே ஒரு ஓட்டுல போயிருச்சு."

பெறகு அந்தச் செல்லாத சீட்டப் பத்திச் சொன்னாரு. சீப்பு மேல நடுவுல பளிச்சுனு ஒரு முத்திரை. பூட்டு மேல ஓரமா லேசா ஒண்ணு. "மடிச்சதுல மை ஒட்டியிருக்குங்க, அது நம்ம ஓட்டுதாங்கன்னு எம்புட்டோ சொன்னேன். ஆபீசர் அந்தச் சீட்ட எல்லாருக்கும் தூக்கிக் காட்டுனாரு. மடிப்புல ஒட்டியிருந்தா முத்திரை திரும்பி விழுந்திருக்கும், இது நேரா இருக்கு, வேணும்னே வச்ச முத்திரை, செல்லாதுன்னுட்டாரு. அது செல்லியிருந்தாச் சரிக்குச் சரி. சீட்டுக் குலுக்கிப் போட்டிருப்பாக."

நடுவுல பளிச்சுனு. ஓரமா லேசா. அவரு சொல்லச் சொல்ல எங் கைரேகையக் காட்டுன மாதிரி இருந்துச்சு.

ஆனா யாரும் என்னையப் பாக்கல. எல்லாக் கண்ணும் பாண்டியம்மாகிட்டப் போச்சு.

மாரி எந்திரிச்சா. "வெளையாட்டுக்குச் சொல்றேன்னுல்ல நெனச்சேன்"ன்னா. "நெசமாவே குத்திட்டியாக்கா?"

"ஏய், கிறுக்கச்சி! கேலிக்குச் சொன்னதுடி! ஒனக்கு ஒண்ணுதான்டி குத்துனேன், எம் புள்ளைக மேல சத்தியமா!"

"புள்ளைக மேல ஏன் பொய்ச் சத்தியம் பண்ணுற? போன வாரம் சாக்கடைத் தண்ணிக்குச் சண்ட போட்டோம்ல. அத மனசுல வச்சுக்கிட்டுத்தான பண்ணின?"

என் வாயில வெத்தல இருந்துச்சு. துப்பிட்டுச் சொல்லிருவோம்னு நெனச்சேன். நெசமா நெனச்சேன். அப்ப மேலத்தெருவுல வெடிச் சத்தம் கேட்டுச்சு, ராசாத்தி வீட்டுல. இப்பச் சொன்னா என்ன ஆகும்? நாத்துனாள ஜெயிக்க வைக்க வேணும்னே தங்கச்சி ஓட்டக் கெடுத்தாம்பாக. மரியாதைக்கு வச்சேன்னா எவ நம்புவா?

நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அந்த நாளைக்கு வரவே இல்ல.

ஒரே செவரு

அதுக்குப் பெறகு எத்தன வருசம். தண்ணி அதே பத்து மணிதான். ஜெயிச்சதும் ராசாத்திகிட்ட ஒரு தடவ கேட்டேன், "அஞ்சு மணிக்குத் தொறக்கச் சொல்லேன்"னு. "அந்த நேரத்துக்கு வந்து தொறந்துவிட ஆளில்ல மதினி"ன்னுட்டா. மாரி ஜீப்புக்குப் போறதும் கொடத்தோட மேலத்தெரு ஏறுறதும் நிக்கல. எங்க வீட்டுல தண்ணி புடிக்கையில, "நீ ஒருத்தியாவது எனக்குப் போட்ட அக்கா"ம்பா. நான் கொடத்தப் பாத்துக்கிட்டே நிப்பேன்.

பாண்டியம்மா வீட்டோட பேச்சு நின்னு போச்சு. பாண்டியம்மா மக கல்யாணத்துக்கு மாரி போகல. சித்திகாரி நிக்க வேண்டிய எடம். பொண்ணு மணவறையில இருந்து வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நான் சந்தனக் கிண்ணத்தோட அந்த வாசல்லதான் நின்னேன். நின்னு எல்லாருக்கும் வச்சேன், வெக்கங்கெட்டவ.

பாண்டியம்மா கேலி பேசுறத விட்டுட்டா. அது எனக்குக் கொஞ்ச நாள் கழிச்சுத்தான் ஒறைச்சுச்சு. ஒரு தடவ ரேசன் கடையில நிக்கையில எவளோ, "என்ன பாண்டியம்மா, பேச்சையே காணோம்?"ன்னா. "பேசுனது போதும்த்தா"ன்னா. அம்புட்டுதான். நான் அரிசி வாங்காமயே வீட்டுக்கு வந்துட்டேன்.

அதுக்கு அடுத்த வருசம் எங்க வீட்டுக்காரரு போயிட்டாரு. மகன் என்னைய அல்லிநகரத்துக்குக் கூட்டியாந்துட்டான். தூரமா வந்தா மறந்துரும்னு நெனச்சேன்.

இந்தத் தையில, பொங்கல் கழிச்சு, பாண்டியம்மா போயிட்டா. நெஞ்சு வலின்னாக, தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டாரதுக்குள்ள முடிஞ்சு போச்சு. நான் பஸ் புடிச்சு ஓடுனேன். குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணி எடுக்கப் பொம்பளைக கொடத்தோட கெளம்புறாக. ஓரகத்திதான் முன்னால போகணும். எல்லாரும் மாரி வாசலப் பாக்குறாக. பாண்டியம்மா மக, அந்தக் கல்யாணப் பொண்ணு, தலைவிரி கோலமா எந்திரிச்சுப் போயி, "சித்தி, இன்னைக்கு மட்டும் வா சித்தி. எங்க அம்மா செஞ்சது தப்பாவே இருக்கட்டும்"னு கதவத் தட்டுனா.

எங்க அம்மா செஞ்சது தப்பாவே இருக்கட்டும். பெத்த மகளே நம்பிட்டா பாத்துக்கங்க.

கதவு தொறக்கல. வேற யாரோ கொடத்த வாங்கிக்கிட்டாக. நான் எல்லாரையும் விடச் சத்தமா அழுதேன். "ஒறவு விட்டுப்போகல, பாரு"ன்னு ஊரே என்னைய மெச்சுச்சு.

புளிக்கு நடுவுல

இந்தச் சமயத்துலதான் கௌரி போன் பண்ணி, அந்த ஒத்த ஓட்டுக் கவர்னர் கதையச் சொல்லிச் சிரிச்சா. போட்டவன் யாருனு யாருக்கும் தெரியாதாம். தெரியாம இருந்தா என்ன? அந்த ஊருலயும் எவனாவது ஒருத்தன் வாய மூடிக்கிட்டு, வேற எவனோ திட்டு வாங்குறதப் பாத்துக்கிட்டு இருந்திருப்பான். காகிதத்துல அது இருக்காது கௌரி. நீ எம்புட்டுப் படிச்சாலும் கெடைக்காது.

ஞாயித்துக்கெழம ஜீப்பு கெடையாது. அன்னைக்கிப் போனேன். மாரி மொத்தமாப் புளியக் கொட்டி, கொட்டை எடுத்துக்கிட்டு இருந்தா. நானும் ஒக்காந்து நாலு எடுத்தேன்.

"மாரி. அந்தச் செல்லாத சீட்டு என்னோடதுடி."

"எந்தச் சீட்டு?"

"ரோஸ் சீட்டு. ரெண்டு முத்திரை வச்சது நான். பாண்டியம்மா இல்ல."

அவ கை நிக்கல. கொட்டைய எடுத்து எடுத்துப் போட்டுக்கிட்டே இருந்தா.

"எனக்குப் போடலையா நீ?"

"ஒனக்குத்தான்டி போட்டேன். நட்டநடுவுல."

"பெறகு எதுக்கு அவளுக்கு?"

சொன்னேன். மரியாதைக்குன்னு. வெத்தலபாக்கு வச்சுக் கேட்டான்னு. சொல்லச் சொல்ல எனக்கே அருவருப்பா இருந்துச்சு.

மாரி அப்பத்தான் கைய நிப்பாட்டுனா. என்னைய நிமுந்து பாத்தா.

"ராசாத்திக்கு மரியாதை பண்ணின. சரி. பாண்டியக்காவுக்கு என்னக்கா பண்ணின?"



அவ எந்திரிச்சுப் போயி, ரெண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தச் செவத்துல கைய வச்சுக்கிட்டு நின்னா. அழுதா கூடப் பரவாயில்லன்னு இருந்துச்சு. அழல. "நீர்மாலைக்குக் கொடம் தூக்கல நான்"ன்னா. "அவ மக வந்து கதவத் தட்டுச்சு. உள்ளதான் நின்னேன், தாப்பாளப் புடிச்சுக்கிட்டு."

"மாரி..."

"என்னைய ஏன் கூப்புடுற? எனக்குச் சொல்லிட்ட, இனி ஒனக்குத் தூக்கம் வந்துரும். அவ மகளுக்கு யாரு சொல்லுவா? ஊருக்கு யாரு சொல்லுவா? வாராவாரம் புஸ்தகத்துல பேசுறேல்ல. திராட்சைக் கதை, கருவாட்டுக் கதைன்னு ஊரச் சிரிக்க வைக்கிறேல்ல. இதச் சொல்லு. சொல்லிட்டு வா. பெறகு பாப்போம், நீ எனக்கு அக்காவா இல்லையான்னு."

நான் எந்திரிக்கையில பின்னாலயே வந்து கதவச் சாத்துனா.

அதான் சொல்லிட்டேன்.

பாண்டியம்மா மகளே, திருப்பூர்ல இருக்குறவளே, ஒங்க அம்மா எந்தத் தப்பும் செய்யல. அவ கேலிக்குத்தான் சொன்னா. புள்ளைக மேல அவ பண்ணுன சத்தியம் நெசம். அந்தப் புள்ள நீதான்.

மாரி இதப் படிப்பாளா, மாட்டாளான்னு தெரியல. அவளுக்கும் எழுத்துத் தெரியாது. எங்க ஊருல என்னைய மாதிரி ஆளுக நெறய. அதனால இந்தப் புஸ்தகத்த வாங்குற எங்க ஊருக்காரவுகளுக்கு ஒரு கும்புடு. கோயில் மந்தையில நாலு பேரு கூடுற நேரத்துல, இந்த வாரத்த மட்டும் கொஞ்சம் சத்தமா வாசிங்க. கீழத்தெருவுக்குக் கேக்குற மாதிரி வாசிங்க. ரெண்டு முத்திரை வச்சவ வெள்ளையம்மாங்குற எடம் வரும்போது, பாவம் வயசானவன்னு எம் பேர மட்டும் முழுங்கிறாதீக.